மிஸ்பிரிண்ட் காசா, அடிபட்ட காசா? பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள்

கிருஷ்ணகிரியில் எங்கள் மளிகைக் கடைக் கல்லாவைத் தினமும் ராத்திரி கொட்டி எண்ணுவோம், அதில்தான் நான் எரர் காயின், அதாவது அச்சடிக்கும்போதே பிழையாகி, சேகரிப்பவர்கள் தேடி வாங்கும் காசு, பொறுக்கக் கற்றுக்கொண்டேன். கோணலாக ஒரு காசு கையில் வந்ததும் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இந்தக் கோளாறு அச்சடிக்கும் இடத்திலேயே நடந்ததா, வெளியே வந்த பிறகு யாராவது செய்ததா?

கோளாறே இல்லாததை முதலில் தள்ளிவிடுங்கள். ஆண்டுக்குக் கீழே இருக்கும் குறி எந்த ஊரில் அச்சடித்தது என்று காட்டுவது: நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், வைரம் என்றால் மும்பை, புள்ளி நொய்டா, குறியே இல்லாவிட்டால் கொல்கத்தா, அவ்வளவுதான். பத்து ரூபாயில் டிசைன் விதவிதமாக இருப்பதும் பிழை இல்லை, 14 டிசைனும் செல்லும் என்று 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது.

சரி, அடுத்தது அச்சு திரும்பியிருக்கிறதா என்று பார்ப்பது. சிங்கம் நேராக நிற்கும்படி காசின் தலையையும் அடியையும் இரண்டு விரலால் பிடித்து, புத்தகப் பக்கம் புரட்டுவதுபோல் பக்கவாட்டில் திருப்புங்கள். நம் காசில் பின்பக்கமும் நேராகத்தான் நிற்க வேண்டும். லேசான சாய்வுக்கு மதிப்பு கிடையாது. படுத்துக் கிடந்தாலோ தலைகீழாக நின்றாலோ எடுத்து வையுங்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஓரம் கடித்த காசு. நீளத் தகட்டிலிருந்து வில்லை வில்லையாக வெட்டும்போது தகடு சரியாக நகராவிட்டால், முன்பு வெட்டிய ஓட்டையின் மேலேயே அடுத்த வெட்டும் விழுந்து, பிறை மாதிரி ஒரு துண்டு குறையும். கடிக்கு நேர் எதிரே இருக்கும் விளிம்பை லென்ஸில் பாருங்கள், அங்கே விளிம்பு மங்கியோ எழும்பாமலோ இருந்தால் பெரும்பாலும் அசல், ஏனென்றால் விளிம்பு எழுப்பும் இயந்திரத்தில் கடி இருக்கும் பக்கம் அழுத்தம் கிடைக்காதபோது எதிர்ப்பக்கமும் எழும்பாது. எதிர்ப்பக்கம் முழுசாக எழும்பி, கடித்த இடம் மட்டும் அரம் போட்ட கோடுகளோடு மின்னினால் அது பட்டறை வேலை. எடையும் போடுங்கள், பழைய தடித்த ஐந்து ரூபாய் 9 கிராம், பத்து ரூபாய் சுமார் 7.7 கிராம்.

அப்புறம் லாக்கி. அடித்த காசு அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லை அதன் மேல் அடிபட்டு, ஒரு பக்கம் வழக்கம்போலவும் மறுபக்கம் அதே படம் குழியாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலம் மாறியும் விழும். இரண்டு காசைப் பட்டறையில் இறுக்கிப் பிடிக்கும் வைஸில் வைத்து நசுக்கியும் இப்படிச் செய்கிறார்கள், ஆனால் அதில் குழி விழாத வழக்கமான பக்கத்துப் படம் சப்பையாகிவிடும். அசலில் அது கூர்மையாக இருக்கும்.

தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள். நம் பக்கம் புளிக்குப் பஞ்சமில்லை, வீட்டில் பித்தளைச் செம்பு துலக்கும் பழக்கத்தில் காசையும் தேய்த்துவிடுகிறோம். எங்கள் வீட்டில் அப்படித்தான் ஒரு பழைய காலணா பளபளவென்று ஆனது, வாங்க வந்தவர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

விற்கும்போது, ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிக் கமிஷனோ வரியோ முன்பணமாகக் கேட்டால் அனுப்பாதீர்கள். அது மோசடி என்று 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரித்தது. காசை நேரில் பார்த்து, எடை போட்டு, கையில் பணம் கொடுப்பவரிடம் மட்டும் கொடுங்கள்.