திருகோணமலையிலிருந்து மலையோட்டத்துக்கு: முதல் 50 கிலோமீற்றருக்கு ஆயத்தமாகும் முறை

மரதனின் 42.195 கிலோமீற்றரைத் தாண்டும் ஓட்டம் எதுவும் அல்ட்ரா ஓட்டமே. அதையே ஏற்ற இறக்கம் மிகுந்த காட்டுப்பாதையிலும் தேயிலைத் தோட்டப் பாதையிலும் ஓட விரும்பும் நம் ஊர் இளைஞர்கள், கடலோரத்தில் இருந்துகொண்டு அதற்கு எப்படிப் பழகுவது என்று தயங்குகிறார்கள். உயர்ந்த மலை அருகில் இல்லாதது பெரிய தடையல்ல. இருக்கின்ற சிறிய ஏற்றத்தில் ஏறுவதற்கு மட்டும் பழகி, இறங்குவதற்குப் பழகாமல் விடுவதுதான் பலரைப் பாதி வழியில் நிறுத்திவிடுகிறது.

முதலில் போட்டியை அளந்துகொள்ளுங்கள்

தூரத்தை மட்டும் பார்க்காதீர்கள். மொத்த ஏற்றம் எத்தனை மீற்றர் என்பதையும் பாருங்கள். ஒவ்வொரு 100 மீற்றர் ஏற்றத்தையும் ஒரு கிலோமீற்றராகக் கொண்டு தூரத்துடன் கூட்டுவது மலையோட்டக்காரரின் வழக்கம். 50 கிலோமீற்றர் தூரமும் 2,500 மீற்றர் ஏற்றமும் கொண்ட போட்டி, இந்தக் கணக்கின்படி 75 கிலோமீற்றர் உழைப்பைக் கேட்கிறது. முதன்முறை ஓடுபவர் 1,500 மீற்றருக்கு மேற்படாத ஏற்றமுள்ள பாதையைத் தெரிவு செய்வதே நல்லது என்பது என் கருத்து.

அடித்தளம்

ஏற்கெனவே 10 கிலோமீற்றரைச் சிரமமின்றி ஓடக்கூடியவருக்கு ஐந்து அல்லது ஆறு மாதங்கள் வேண்டும். கிழமைக்கு நான்கு நாட்கள், பக்கத்தில் வருபவருடன் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓடுங்கள். அவற்றுள் ஒரு நாள் நீண்ட ஓட்டமாக இருக்கட்டும். நான்காவது கிழமைதோறும் தூரத்தைக் குறைத்து உடலுக்கு ஓய்வு கொடுங்கள். உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரையான கடற்கரை மணல் கணுக்காலை வலுவாக்கும். ஆனால் கரை ஒரு பக்கம் சரிந்திருப்பதால், போன வழியிலேயே திரும்பி வந்து இரு கால்களுக்கும் சமமாக வேலை கொடுக்க வேண்டும்.

ஏறவும் இறங்கவும் பழகுதல்

பிரட்ரிக் கோட்டை வாயிலிலிருந்து கோணேசர் கோயிலை நோக்கி ஏறும் வீதியே நம் பயிற்சிக்களம். அதிகாலையில், பூசைக்குச் செல்வோருக்கு இடையூறின்றி, கோட்டைக்குள் உலவும் புள்ளிமான்களை வெருட்டாமல் ஓடி, கோயில் எல்லைக்கு முன்பே திரும்பிவிடுங்கள். ஒரு முறை ஏறினால் உங்கள் கைக்கடிகாரம் 50 மீற்றர் காட்டுகிறது என்று வைத்துக்கொண்டால், பத்து முறை ஏறி இறங்கும்போது 500 மீற்றர் சேர்ந்துவிடும்.

செங்குத்தான இடத்தில் ஓட முயலாமல், கைகளைத் தொடையில் ஊன்றி, சிறிய அடிகளாக வேகநடை நடவுங்கள். அனுபவமுள்ள மலையோட்டக்காரரும் அப்படித்தான் ஏறுகிறார்கள். இறக்கம் இதைவிடக் கடினமானது. இறங்கும்போது தொடையின் முன்தசை, நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தடுத்துப் பிடிக்க வேண்டியிருப்பதால் அதன் நார்களில் நுண்ணிய சிதைவு ஏற்படுகிறது. மூச்சு வாங்காததால் அது அப்போது தெரிவதில்லை, மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் வலிக்கிறது. ஆயினும் ஒருமுறை இப்படி வருந்திய தசை அடுத்த சில கிழமைகளுக்கு அதே வேலையைக் குறைந்த சேதத்துடன் தாங்குகிறது. ஆகையால் இரண்டு இறக்கங்களில் தொடங்கிக் கிழமைதோறும் ஒன்றிரண்டாகக் கூட்டுங்கள். பின்னால் சாய்ந்து குதிகாலால் தடுக்காமல், முழங்காலைச் சற்று மடித்து, குறுகிய விரைவான அடிகளுடன், பார்வையை நான்கைந்து அடி முன்னால் வைத்து இறங்குங்கள்.

போட்டிக்கு ஐந்து கிழமைகளுக்கு முன்பாவது ஒரு முறை மலையகம் சென்று வாருங்கள். மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வெசாக் வரையான பருவத்தில், 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலையின் படிகளில் நிதானமாக இறங்குவதைப் போன்ற பாடம் வேறெங்கும் கிடைக்காது.

உணவும் நீரும்

வயிற்றையும் பழக்க வேண்டும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாச்சத்து தேவை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது. பேரீச்சம்பழம், உப்பிட்டு அவித்த உருளைக்கிழங்கு, எள்ளுருண்டை ஆகியவற்றை நீண்ட ஓட்டங்களில் உண்டு பார்த்து, ஒத்துக்கொள்வதை மட்டும் போட்டிக்கு எடுத்துச் செல்லுங்கள்.

கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நம் ஊரில் வியர்வை மிக அதிகம். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள்: குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லீற்றர் வியர்வையாகும். வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் குறைந்து உயிராபத்து நேரலாம். இளநீரில் பொற்றாசியம் மிகுதி, சோடியம் குறைவு. எனவே அதை மட்டும் நம்பாமல் உப்பான உணவையோ ஜீவனி எனும் உப்புச்சர்க்கரைக் கரைசலையோ சேர்த்துக்கொள்ளுங்கள்.

கொண்டுசெல்ல வேண்டியவை

விலையுயர்ந்த கைக்கடிகாரத்தைவிட, அடிப்பாகத்தில் ஆழமான பற்களுள்ள சப்பாத்து முக்கியம். இறக்கத்தில் விரல்கள் முன்னால் மோதும் என்பதால் விரல்நுனிக்கு முன் சிறிது இடமிருக்க வேண்டும். நகங்களையும் முன்கூட்டியே வெட்டிவிடுங்கள். வெப்பத்தில் வாழும் நாம் மலைக்குளிரைக் குறைத்து மதிப்பிடுகிறோம்: ஆண்டின் தொடக்கத்தில் நுவரெலியா இரவுகள் 10 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்கும். மழைச்சட்டை, தலைவிளக்கு, விசில், தண்ணீர்ப் போத்தல்கள், அட்டைக் கடியைத் தடுக்க நீண்ட காலுறை ஆகியன வேண்டும்.

கடைசிக் கிழமைகளும் போட்டி நாளும்

கடினமான இறக்கப் பயிற்சியை மூன்று கிழமைகளுக்கு முன்பே முடித்து, பின்னர் தூரத்தைப் பாதியாகக் குறையுங்கள். போட்டியில் முதல் ஏற்றத்தை நடந்தே கடந்து, வழியிலுள்ள ஒவ்வொரு சாவடியையும் கடக்க வேண்டிய நேர எல்லையையும் கையில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஐபுப்ரோபென் போன்ற வலிமாத்திரைகளை ஓடும்போது விழுங்காதீர்கள். நீரிழப்புடன் சேர்ந்து அவை சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். ஓட்டம் முடிந்தபின் சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் அது தசைச் சிதைவின் அறிகுறியாக இருக்கலாம்; தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.