படித்த காற்று, கேட்ட காற்று

விமானிகள் வானிலை அறிக்கையில் எழுத்தாகப் படிக்கும் காற்றுத் திசை உண்மை வடக்கை, அதாவது புவியின் வட துருவத் திசையைச் சார்ந்தது. கட்டுப்பாட்டுக் கோபுரம் வானொலியில் சொல்வது காந்த வடக்கை, அதாவது திசைகாட்டி முள் காட்டும் வடக்கைச் சார்ந்தது. மெட்டார் (விமான நிலையத்தின் தற்போதைய வானிலை), டாஃப் (முன்னறிவிப்பு) அறிக்கைகளை ஓடுபாதை எண்ணோடு ஒப்பிடும் முன், வரைபடத்திலுள்ள காந்த விலக்கத்தை (இரு வடக்குகளுக்கும் இடையிலான கோணம்) கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

வானிலையாளர்கள் உண்மை வடக்கை வைத்தே கணிக்கிறார்கள். ஓடுபாதை எண்ணோ திசைகாட்டியைப் பின்பற்றுகிறது: 27 என்றால் காந்தத் திசை ஏறத்தாழ 270 டிகிரி. விலக்கம் 15 டிகிரி மேற்கு என்றால், மெட்டாரில் 270 என்றிருக்கும் காற்று உங்கள் திசைகாட்டிக்கு 285. நேர் எதிர்க்காற்று என்று நம்பியிருப்பீர்கள். 20 நாட் (மணிக்குச் சுமார் 37 கி.மீ.) வேகத்தில் அது பக்கவாட்டில் 5 நாட் தள்ளும். சிறிய விமானத்துக்கு இது அலட்சியப்படுத்தக்கூடியதல்ல.

விலக்கம் ஓரிரு டிகிரிதான் என்றால் விட்டுவிடலாம். திசைகாட்டியை நம்ப முடியாத வட கனடாவில் ஓடுபாதை எண்களே உண்மை வடக்கின்படி இடப்படுவதால், அங்கே இந்தத் திருத்தம் பொருந்தாது.