லெபனானுக்குப் புறப்படும் முன்: "நாமதான் எல்லா இனத்தோடும் வளர்ந்தவங்களாச்சே" என்ற தவறு

மலேசியாவின் நெகிரி செம்பிலானில் சிலியாவ், ரந்தாவ் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து ராணுவத்துக்குப் போன பிள்ளைகள், ஐநா அமைதிப்படைக்குப் பெயர் வந்ததும் போர்ட்டிக்சனில் 1996-இல் தொடங்கிய பயிற்சி மையத்துக்குப் போகிறார்கள். மற்றப் பயிற்சிகளில் உயிரைக் கொடுப்பவர்கள் பண்பாட்டு வகுப்பில் அசந்துவிடுகிறார்கள். "லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) மலாய்க்காரர், சீனர் எல்லாரோடும் பழகியவன், எனக்கா?" முதல் தவறு இதுதான்.

பழகியது வீண்போகாது. வலக்கையால் கொடுப்பது, பெண்ணிடம் நாமாகக் கை நீட்டாமல் நெஞ்சில் கை வைப்பது, இவை மலேசியப் படை 2007-இல் கால்வைத்த தென் லெபனானிலும் செல்லும். நம்மை மாட்டிவிடுவது நமக்கே தெரியாமல் செய்கிறவை. ஒருவர் துயரம் சொன்னால் "ச்சு" என்று நாக்கைத் தட்டுகிறோம். நமக்கு அது அனுதாபம். அங்கே புருவத்தை உயர்த்தி அப்படித் தட்டினால் "இல்லை" என்று பொருள். 'சரி' என்று நாம் தலையைப் பக்கவாட்டில் ஆட்டுவதும் மறுப்பாகத் தெரியலாம். ஐந்து விரல்நுனிகளையும் மேல்நோக்கிக் குவித்து ஓர் ஓட்டுநர் ஆட்டினால் "கொஞ்சம் பொறுங்கள்" என்கிறார்; அதை மிரட்டலென எடுத்துக்கொண்டால் சோதனைச் சாவடியில் வீண் கைகலப்பு. படம் காட்டி இதைப் பாடம் நடத்தினால் மனத்தில் நிற்காது. ஒருவர் ஓட்டுநர், ஒருவர் காவலர். வாய் திறக்காமல் பத்து நிமிடம் செய்து பார்க்க வேண்டும்.

புதியவரிடம் "எந்தத் தோட்டம், யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டு உறவு கொண்டாடுவது நம் வழக்கம். இங்கே படிவங்கள்கூட இனம், மதம் கேட்கும். லெபனானில் அங்கீகரிக்கப்பட்ட மதப் பிரிவுகள் 18. ஆட்சிப் பதவிகளே அவற்றின்படிதான் பங்கிடப்படுகின்றன. அதனால் தலைக்கணக்கு அங்கே தீராத சச்சரவு. கடைசி அதிகாரபூர்வக் கணக்கெடுப்பு 1932-இல். சீருடை போட்டவர் "நீங்கள் எந்தப் பிரிவு?" என்றால் உளவு பார்ப்பதாகத்தான் படும்.

மொழிபெயர்ப்பாளர் முகத்தையே பார்த்து "அவரிடம் கேளுங்க" என்பது அடுத்த பிழை. பார்வை ஊர்க்காரர் மேல் இருக்கட்டும். "நீங்கள்" என்று அவரிடமே பேசுங்கள். இரண்டு வாக்கியம் பேசி நிறுத்துங்கள். என்ன கேட்கப்போகிறோம் என்பதை மொழிபெயர்ப்பாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நம் தவணை முடிந்ததும் நாம் ஊர் திரும்பிவிடுவோம், அவர் பெரும்பாலும் அங்கேயே வாழ வேண்டியவர். அவர் தலைக்கு வினையாகும் கேள்வியை அவர் வாயில் திணிக்கக் கூடாது.

வண்டியிலிருந்து பிள்ளைகளுக்கு மிட்டாய் வீசாதீர்கள், சக்கரத்தடிக்கே ஓடிவருவார்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவருடன் பாலுறவும், பணம், வேலை, உணவு கொடுத்துப் பெறும் பாலுறவும் ஐநாவின் 2003 விதிப்படி தடை. "வயது தெரியாது" என்பது சாக்காகாது. ஊர் வழக்கம் என்ற பேச்சுக்கும் இடமில்லை.

ஒலிவ அறுவடையில் மரத்தடியில் துணி விரித்திருப்பார்கள். அதன் மேல் வண்டியை ஏற்றினால், பால்மரக் காட்டில் (ரப்பர் தோட்டத்தில்) பால் நிறைந்த மங்குகளை, அதாவது பால் வடியும் கிண்ணங்களை, தட்டிவிட்டதற்குச் சமம்.

கடைசியாக, "பார்த்துச் செய்கிறோம்." மரியாதைக்குச் சொல்வது அங்கே வாக்காகிவிடும். தண்ணீர்த் தொட்டி கேட்டால் முடிவெடுப்பவர் யார், பதிலோடு எந்தத் தேதியில் வருவோம் என்று சொல்லுங்கள். பதில் 'இல்லை' என்றாலும் அந்தத் தேதியில் போய் நில்லுங்கள்.