நான்கு ஒலிகள், ஒரே கடிகாரம்: எஃப்பிஜிஏ பலகையில் ஆடியோ மிக்சர்

நான்கு கருவிகளின் ஒலியைக் கலந்து ஒரு ஜோடி ஒலிபெருக்கிக்கு அனுப்ப வேண்டும் என்பதுதான் என் தேவை. முதலில் கணினி வழியாகவே செய்துவந்தேன். வினாடிக்கு 48,000 மாதிரி (ஒலியை ஒரு கணத்தில் அளந்த எண்) என்ற வேகத்தில் உள்ளே 256 மாதிரி, வெளியே 256 மாதிரி என்று தேக்கிவைத்தால் அதற்கே 10 மில்லிவினாடிக்கு மேல் ஆகிவிடுகிறது. தாளம் வாசிக்கும் விரலுக்கு அந்தத் தாமதம் நன்றாகவே தெரியும். எஃப்பிஜிஏவில் (உள் சுற்றை நாமே நிரலால் வடிவமைக்கக்கூடிய சிப்) கட்டிய இந்த மிக்சரில் உள்ளே நுழைந்த ஒலி ஒரு மில்லிவினாடிக்குள் வெளியே வந்துவிடுகிறது. ஒலிபெருக்கியை ஓரடி தள்ளி வைத்தால் எவ்வளவு தாமதமோ அவ்வளவுதான்.

ஒரு எல்இடியை மினுக்க வைக்கும் அளவுக்கு வெரிலாக் தெரியும், சால்டரிங் செய்யத் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். மென்பொருள் நிறுவுவதைப் பற்றியும் இங்கே எழுதவில்லை.

தேவையானவை

பலகையாக ஐஸ்பிரேக்கரை எடுத்துக்கொண்டேன். அதிலுள்ள ஐஸ்40 யூபி5கே சிப்பில் 5,280 லாஜிக் செல்களும், எண்களைப் பெருக்கும் 16 பிட் பெருக்கிகள் எட்டும் இருக்கின்றன. இந்த வேலைக்கு இது தாராளம். பலகையில் 12 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் இருப்பது இன்னொரு காரணம். அதற்கு அடுத்த பகுதியில் வருகிறேன்.

ஒலியை எண்ணாக்க பிசிஎம் 1808 தொகுதி இரண்டு வேண்டும். ஒவ்வொன்றும் இரண்டு சேனல், 24 பிட். எண்ணை மீண்டும் ஒலியாக்க பிசிஎம் 5102ஏ தொகுதி ஒன்று. குமிழ்களைப் படிக்க எம்சிபி 3008 ஒன்றும், 10 கிலோ ஓம் நேரியல் பொட்டென்ஷியோமீட்டர் எட்டும் தேவை.

மென்பொருளுக்கு, வெரிலாக்கைச் சுற்றாக மாற்ற யோசிஸ், அந்தச் சுற்றைச் சிப்பில் பொருத்த நெக்ஸ்ட்பிஎன்ஆர், அலைவடிவம் பார்க்க ஜிடிகேவேவ். சிப் நிறுவனங்கள் தரும் பெரிய மென்பொருள் தொகுப்புகளைத் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு வரியை மாற்றிவிட்டு நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தால் கற்கும் ஆர்வமே வடிந்துவிடும். இந்தத் திறந்த மூலக் கருவிகளில் இந்த மிக்சர் முழுவதும் சில வினாடிகளில் தயாராகிறது.

படி 1: எல்லாக் கடிகாரமும் ஒரே எண்ணியிலிருந்து

மிக்சரின் உயிர்நாடி இதுதான். பிசிஎம் 1808 மூன்று துடிப்புகளை எதிர்பார்க்கிறது: மாதிரி வேகத்தைப் போல் 256 மடங்கு வேகத்தில் முதன்மைக் கடிகாரம், 64 மடங்கில் பிட் கடிகாரம், மாதிரி வேகத்திலேயே இடது-வலது கடிகாரம். மூன்றும் ஒன்றோடொன்று பிசகாமல் ஓட வேண்டும். இடையே நழுவினால் சிப் தன் வெளியீட்டைப் பூச்சியமாக்கிவிடும்.

48,000 மாதிரி வேகத்துக்கு 12.288 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். அந்த எண்ணைத் துல்லியமாகப் பெறுவதற்குப் பலர் மெனக்கெடுகிறார்கள். நம் மிக்சருக்கு அது தேவையே இல்லை. ஒலி அனலாக்காக நுழைந்து அனலாக்காகவே வெளியேறுகிறது. நடுவில் மாதிரி வேகம் என்ன என்பது வெளியில் யாருக்கும் தெரியப்போவதில்லை. 12 மெகாஹெர்ட்ஸை 256ஆல் வகுத்தால் 46,875. அதுவே நம் மாதிரி வேகம்.

ஆகவே ஓர் 8 பிட் எண்ணியை (கவுன்டர்) 12 மெகாஹெர்ட்ஸில் ஓடவிடுங்கள். மூலக் கடிகாரமே முதன்மைக் கடிகாரம். எண்ணியின் 1ஆம் பிட் (பூச்சியத்திலிருந்து எண்ணி) 3 மெகாஹெர்ட்ஸில் துடிக்கும். அது பிட் கடிகாரம். 7ஆம் பிட் இடது-வலது கடிகாரம். எண்ணி 255இலிருந்து 0க்குப் போகும்போதும், 127இலிருந்து 128க்குப் போகும்போதும் பிட் கடிகாரம் இறங்கும் அதே கணத்தில் இடம்-வலம் மாறுகிறது. சிப்புகளுக்கிடையே ஒலித் தரவை அனுப்பும் ஐ2எஸ் முறை கேட்பதும் அதையே. இதற்காகத் தனியாக எதுவும் எழுத வேண்டாம்.

படி 2: கம்பி இணைப்பு

பிசிஎம் 1808இல் எம்டி0, எம்டி1, எஃப்எம்டி மூன்றையும் கிரவுண்டில் இணைத்தால் அது நம் கடிகாரத்தைப் பின்பற்றும் நிலைக்கும் ஐ2எஸ் வடிவத்துக்கும் வந்துவிடும். அனலாக் பகுதிக்கு 5 வோல்ட், டிஜிட்டல் பகுதிக்கு 3.3 வோல்ட், இரண்டும் தர வேண்டும். இரண்டு தொகுதிகளுக்கும் கடிகாரக் கம்பிகள் பொது. தரவுக் கம்பி மட்டும் தனித்தனி.

கம்பிகள் குட்டையாக இருக்கட்டும். நீளமான ஜம்பர் கம்பியில் 12 மெகாஹெர்ட்ஸ் துடிப்பின் விளிம்பு அதிர்ந்து, ஒரு துடிப்பே இரண்டாக எண்ணப்படலாம். கடிகாரம் கிளம்பும் இடத்திலேயே 33 ஓம் மின்தடை ஒன்றைத் தொடராக வைத்துவிடுங்கள்.

உள்ளீட்டின் உச்ச அளவு 5 வோல்ட் இணைப்பில் 3 வோல்ட், அதாவது மேல் முகட்டிலிருந்து கீழ் முகடு வரை. லைன் அளவு ஒலிக்கு இது சரி. மைக்கை நேரடியாகச் செருகினால் ஒலி கேட்பதே அரிது. அதற்கு முன்பெருக்கி வேண்டும்.

பின்சேர்க்கை: வெளியீட்டில் ஒலியே வரவில்லை என்று வாசகர்கள் எழுதியிருந்தார்கள். பெரும்பாலும் பிசிஎம் 5102ஏ தொகுதியின் பின்புறத்தில் உள்ள சால்டர் இணைப்புகளே காரணம். எக்ஸ்எஸ்எம்டி என்ற கால் தாழ்நிலையில் இருந்தால் சிப் வாயை மூடிக்கொள்ளும். அதை 3.3 வோல்ட்டில் இணைக்க வேண்டும். மற்ற மூன்றும் (எஃப்எல்டி, டெம்ப், எஃப்எம்டி) கிரவுண்டுக்கு. எஸ்சிகே காலையும் கிரவுண்டில் இணைத்துவிட்டால் தனக்கு வேண்டிய கடிகாரத்தைச் சிப் தானே பிட் கடிகாரத்திலிருந்து உருவாக்கிக்கொள்ளும்.

படி 3: பிட்டுகளைப் பிடிப்பதும் அனுப்புவதும்

ஒவ்வொரு பக்கத்துக்கும் 32 பிட் இடங்கள் உள்ளன. எண்ணியின் 2 முதல் 6 வரையிலான பிட்டுகள் இப்போது எந்த இடத்தில் இருக்கிறோம் என்று சொல்லும். ஐ2எஸ்ஸில் இடம்-வலம் மாறியவுடன் தரவு வருவதில்லை. ஓர் இடம் கழித்தே உச்ச பிட் வருகிறது. ஆகவே 0ஆம் இடத்தை விட்டுவிட்டு 1 முதல் 24 வரை உள்ளவற்றை நகரும் ரெஜிஸ்டரில் சேர்க்க வேண்டும். பிட் கடிகாரம் ஏறும்போது படிக்க வேண்டும், இறங்கும்போது எழுத வேண்டும்.

வந்ததை அப்படியே வெளியே அனுப்பிப் பாருங்கள். இசை கேட்டால் மகிழுங்கள், ஆனால் இந்தப் படி முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அடுத்த படியில் நான் மூன்று மாலைகளை இழந்ததற்கு அந்த நினைப்புதான் காரணம்.

படி 4: பெருக்கல், எல்லாச் சிக்கலும் இங்கே

ஒலியளவைக் குறைப்பது என்றால் மாதிரியை ஓர் எண்ணால் பெருக்குவது. 16 பிட் எண் ஒன்றை எடுத்துக்கொண்டு 32768 என்பதை 1 என்று வைத்துக்கொள்வோம். பெருக்கிய பின் கீழ் 15 பிட்டுகளைத் தள்ளிவிட்டால் விடை கிடைக்கும்.

ஒரே சேனலை வைத்துச் சோதித்தேன். 32768ஆல் பெருக்கினேன், இசை தெளிவாகக் கேட்டது. பாதியாக்கி 16384 என்று மாற்றினேன். ஒலிபெருக்கி அலறியது. கருவியை நிறுத்தி, உள்ளீட்டில் எதுவும் இல்லாதபோதும் அதே அலறல். பூச்சியத்தால் பெருக்கினால் முழு அமைதி.

இந்த அறிகுறியை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ம எண் எங்கோ நேர்ம எண்ணாக வாசிக்கப்படுகிறது என்பதே இதன் பொருள். 24 பிட்டில் −1 என்பது எல்லாம் ஒன்றுகளால் ஆனது. அதைக் குறியில்லாத எண்ணாக வாசித்தால் 1,67,77,215. ஒன்றால் பெருக்கி, கீழ் 24 பிட்டை எடுத்தால் அதே பிட்டுகள் திரும்பக் கிடைக்கும். தவறு வெளியே தெரியாது. பாதியாக்கினால் 83,88,607, அதாவது உச்சபட்ச ஒலி. உள்ளீட்டின் மெல்லிய இரைச்சல் பூச்சியத்தின் இருபுறமும் ஊசலாடிக்கொண்டே இருப்பதால், அமைதிகூட உச்சத்துக்கும் பூச்சியத்துக்கும் இடையே தாவுகிறது.

ஏன் அப்படி வாசிக்கப்பட்டது? பெருக்கலில் பங்கேற்கும் எண்களில் ஒன்று குறியில்லாததாக இருந்தாலும் வெரிலாக் மொத்தத்தையும் குறியில்லாததாகவே கணக்கிடும். என் மாதிரி குறியுள்ளது. ஒலியளவு எண் குறியில்லாதது. அதன் முன்னால் ஒரு பூச்சிய பிட்டை ஒட்டி 17 பிட்டாக்கினேன். அதுவும் போதவில்லை. நெளி அடைப்புக்குறிக்குள் ஒட்டிய எதுவும் குறியில்லாததாகவே கருதப்படும். டாலர் குறியோடு வரும் ‘சைன்டு’ செயற்கூறுக்குள் அதை வைத்தால்தான் சரியாகும்.

சரிசெய்தேன். அலறல் அப்படியே இருந்தது.

அறிகுறி ஒன்றுதான், பிழைகள் இரண்டு. 3ஆம் படியில் சொன்ன அந்த ஓர் இட இடைவெளியை நான் உள்ளே வாங்கும்போதும் மறந்திருந்தேன், வெளியே அனுப்பும்போதும் மறந்திருந்தேன். வாங்கும்போது எண் ஒரு பிட் வலப்புறம் நகர்ந்தது. அனுப்பும்போது அதே அளவு திரும்பி நகர்ந்தது. இரண்டு தவறும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டதால் நேரடியாக அனுப்பும் சோதனையில் இசை பழுதில்லாமல் கேட்டது. ஆனால் நடுவில், ரெஜிஸ்டருக்குள் எண்ணின் தலையில் எப்போதும் ஒரு பூச்சியம் உட்கார்ந்திருந்தது. அங்கே எதிர்ம எண் என்று ஒன்று இருக்கவே இல்லை.

இதைக் காதால் கண்டுபிடிக்க முடியாது. சிமுலேஷனில் பிசிஎம் 1808 அனுப்புவதுபோல ஒரு சிறிய மாதிரி நிரல் எழுதி, −1000 என்ற எண்ணை அனுப்புங்கள். ரெஜிஸ்டரில் −1000 தெரிய வேண்டும். 16384ஆல் பெருக்கிய பின் −500 தெரிய வேண்டும். முதலாவது பிசகினால் குறை 3ஆம் படியில். இரண்டாவது பிசகினால் குறை பெருக்கலில். நேர்ம எண்ணை மட்டும் அனுப்பிச் சோதிக்காதீர்கள், பெருக்கலில் உள்ள குறிப் பிழை அதில் தெரியாது.

படி 5: கூட்டலும் உச்ச வரம்பும்

நான்கு சேனல், இரண்டு வெளியீடு, ஆக எட்டுப் பெருக்கல். எட்டுப் பெருக்கிகளை அடுக்க வேண்டாம். ஒரு மாதிரிக்கு 256 துடிப்புகள் கையில் இருக்கின்றன. ஒரே பெருக்கல் பகுதியை எட்டு முறை பயன்படுத்தலாம். வலப்பக்கத்தின் கடைசி பிட் எண்ணி 225இல் இருக்கும்போது வந்து சேர்ந்துவிடுகிறது. நான் 232 முதல் 239 வரை பெருக்கிக் கூட்டி, 240இல் வரம்பு பார்த்து, விடையை வெளியே அனுப்பும் ரெஜிஸ்டருக்குத் தருகிறேன்.

பெருக்கற்பலனை இடையில் வெட்டாதீர்கள். 41 பிட்டையும் அப்படியே 44 பிட் கூட்டகத்தில் கூட்டி, கடைசியில் மட்டும் 15 பிட்டைத் தள்ளுங்கள். ஓர் எண்ணின் பகுதியை வெட்டி எடுத்தாலும் வெரிலாக் அதைக் குறியில்லாததாக்கிவிடும் என்பதால், வெட்டுவதை ஒரே இடத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

விடை 83,88,607ஐத் தாண்டினால் அதிலேயே நிறுத்துங்கள், கீழே −83,88,608. இதை விட்டுவிட்டால் உச்சியைத் தாண்டிய அலை மறுகோடியில் போய் விழும். அந்த வெடிச்சத்தம் காதுக்கும் ஒலிபெருக்கிக்கும் கெடுதல். நிறுத்தினாலும் ஒலி சிதையும்தான், ஆனால் தாங்கக்கூடிய சிதைவு.

பின்சேர்க்கை: பெருக்கலைச் சேர்த்ததும் லாஜிக் செல்கள் மளமளவென்று காலியாவதாக ஒருவர் கேட்டிருந்தார். ஐஸ்40க்கான கட்டளையில் டிஎஸ்பி என்ற விருப்பத்தைச் சேர்க்காவிட்டால் யோசிஸ் சிப்பிலுள்ள பெருக்கிகளைத் தொடாமல் லாஜிக் செல்களைக் கொண்டே பெருக்கலைக் கட்டும். அந்த ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும்.

படி 6: குமிழ்கள்

எம்சிபி 3008இன் எட்டு உள்ளீட்டிலும் எட்டுக் குமிழ்கள்: ஒவ்வொரு சேனலுக்கும் இடது அளவு ஒன்று, வலது அளவு ஒன்று. ஒரே குமிழில் இடம்-வலம் நகர்த்தும் அமைப்பைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. கணக்கு எதுவும் இல்லை, கை வைத்த இடம் அப்படியே கேட்கிறது. எண்ணியின் 3ஆம் பிட் தரும் 750 கிலோஹெர்ட்ஸை அதன் கடிகாரமாக்கலாம்; 3.3 வோல்ட்டில் அது பாதுகாப்பான வேகம்.

வரும் 10 பிட் எண்ணை நேரடியாகப் பயன்படுத்தினால் மாற்றம் முழுவதும் குமிழின் கீழ்ப்பகுதியிலேயே நடந்து முடிந்துவிட்டதாகக் காது உணரும். எண்ணை அதனாலேயே பெருக்கி, கீழ் 4 பிட்டைத் தள்ளுங்கள். நடுவில் 16384, அதாவது பாதி. உச்சியில் ஏறக்குறைய இரண்டு மடங்கு. திருப்பும்போது இயல்பாக இருக்கிறது.

குமிழைத் திருப்பும்போது கரகரவென்று கேட்டால், ஒலியளவு படிப்படியாகத் தாவுகிறது என்று பொருள். ஒவ்வொரு மாதிரிக்கும் இலக்குக்கும் இப்போதைய மதிப்புக்கும் உள்ள வேறுபாட்டில் 256இல் ஒரு பங்கை மட்டும் சேர்த்துக்கொண்டே போங்கள். சுமார் ஐந்தரை மில்லிவினாடியில் வேறுபாட்டின் பெரும்பகுதி மறைந்துவிடும். இப்போதைய மதிப்பைக் கூடுதலாக 8 பின்ன பிட்டுகளோடு சேமியுங்கள். இல்லாவிட்டால் வேறுபாடு 256க்குக் கீழே வந்ததும் பங்கு பூச்சியமாகி, மேலே ஏறும் மதிப்பு இலக்கைத் தொடாமலே நின்றுவிடும்.

இப்போது பெட்டிக்குள் வைக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குமுன் எதையும் வாசிக்காமல் எட்டுக் குமிழையும் ஏற்றி, ஒலிபெருக்கியின் அருகே காதை வைத்துக் கேளுங்கள். மெல்லிய ரீங்காரம் இருந்தால், பிசிஎம் 1808க்குப் போகும் 5 வோல்ட்டைக் கணினியின் யூஎஸ்பியிலிருந்து எடுக்காமல் தனி மின்வழங்கியிலிருந்து எடுத்துப் பாருங்கள். எட்டுக் குமிழையும் முழுவதுமாக இறக்கிய பின்னும் அது கேட்டுக்கொண்டே இருந்தால், ரீங்காரம் வெளியீட்டுப் பக்கம் நுழைகிறது. பிசிஎம் 5102ஏயின் கிரவுண்டு கம்பியை முதலில் பாருங்கள்.