நடந்தது உங்கள் தப்பில்லை, சரி, அடுத்து என்ன செய்வது?

உங்களுக்கு அநியாயம் நடந்திருந்தால் முதலில் அதை அநியாயம் என்றே சொல்லுங்கள். 'எல்லாம் உன் கையில்தான்' என்று அறிவுரை சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், அது ரொம்பத் தப்பு.

அப்புறம் ஒரு தாளில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் அடுத்தவர் செய்ததையும் மறுபக்கம் இந்த வாரம் நீங்கள் செய்யக்கூடியதையும் எழுதுங்கள். 'தைரியமாக இருப்பேன்' போன்றவை வேண்டாம். 'புகாரை எழுத்தில் கொடுப்பேன்', 'அவர் அழைத்தால் போனை எடுக்க மாட்டேன்' என்று செய்து முடிக்கக்கூடியதாக இருக்கட்டும். புகார் கொடுப்பதும் பொறுப்பெடுப்பதுதான், பலர் அதைப் புலம்பல் என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

நம் வாழ்க்கையில் நடப்பதற்குக் காரணம் நாமா, வெளியே உள்ள சக்திகளா, இதில் எதை நம்புகிறோம் என்பதை அளக்க அமெரிக்க உளவியலாளர் ஜூலியன் ராட்டர் 1966-இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். அதில் கிடைக்கும் மதிப்பெண் ஆளை இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிப்பதில்லை, இரண்டு முனைகளுக்கு நடுவே எங்கே நிற்கிறார் என்றுதான் காட்டுகிறது. ஆகவே 'நான் பாதிக்கப்பட்டவன்' என்பதும் 'இனி நான் பார்த்துக்கொள்கிறேன்' என்பதும் ஒரே ஆளிடம் தாராளமாக இருக்கலாம்.

ஒரே கதையை ஒரே நண்பரிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறீர்களா? ஆறுதல் வேண்டுமா யோசனை வேண்டுமா என்று முதலிலேயே சொல்லிவிட்டுப் பேசுங்கள்.

அடியோ மிரட்டலோ இன்னும் தொடர்கிறது என்றால் தாள் வேலையெல்லாம் பிறகு, முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போய் உதவி கேளுங்கள்.