லாக் அச்சில் பூஜ்ஜியத்தையும் மைனஸையும் எங்கே வைப்பது?

ஆரியங்காவில் 100 மி.மீ. கொட்டும் நாளில், கணவாய்க்கு இந்தப் பக்கம் செங்கோட்டையில் 1 மி.மீ. சாரலோடு நின்றுவிடலாம். இரண்டு ஊர் மழையையும் ஒரே வரைபடத்தில் காட்ட லாக் (மடக்கை) அச்சுதான் தோது; அதில் ஒவ்வொரு படியும் முந்தையதைவிடப் பத்து மடங்கு. மழையே இல்லாத நாட்கள்தான் சிக்கல். 1, 0.1, 0.01 என்று எவ்வளவு கீழே இறங்கினாலும் பூஜ்ஜியம் வராது. அதற்கு மடக்கை கிடையாது.

மென்பொருளைத் தொடும் முன் ஒவ்வொரு பூஜ்ஜியமும் என்ன என்று பாருங்கள். மழை இல்லையா, 0.1 மி.மீ.கூடத் தேறாத தூறலா, யாரும் அளக்காத நாளா? அளக்காத நாள் பூஜ்ஜியமே அல்ல, கட்டத்தைக் காலியாக விடுங்கள். தூறலை 0.05-இல் உள்ளீடற்ற வட்டமாக வைத்து, ‘0.1-க்குக் குறைவு’ என்று குறிக்கலாம். மழையற்ற நாட்களுக்கு அச்சின் அடியில் தனிப் பட்டை ஒதுக்கி ‘0’ என்று எழுதி, இடையில் அச்சை உடைத்துக் காட்டுங்கள். எங்களுக்குத் தெரிந்து நேர்மையான வழி இதுதான்.

பூஜ்ஜியத்துக்குப் பதில் 0.001 போடுவது பரவலான பழக்கம். அதன் விளைவைப் பாருங்கள்: 0.1 முதல் 100 வரை மூன்று பத்துமடங்குகள், 0.001 முதல் 0.1 வரை இன்னும் இரண்டு. அச்சில் ஐந்தில் இரண்டு பங்கு, இல்லாத மழைக்குப் போய்விடுகிறது!

எல்லா மதிப்போடும் 1 கூட்டி லாக் எடுப்பதும் உண்டு. அப்போது 1, 10, 100 மி.மீ. முறையே 0.301, 1.041, 2.004-இல் விழும்; இடைவெளிகள் சமமில்லை. அதே தரவை செ.மீ.க்கு மாற்றினால் படத்தின் வடிவமே மாறும். கூட்டிய எண்ணையும் அலகையும் படத்தில் எழுதாமல் விடாதீர்கள்.

எக்செல்லில் பூஜ்ஜியம் உள்ள கட்டங்களில், ‘மதிப்பு இல்லை’ என்று குறிக்கும் என்ஏ சார்பைப் போட்டால் புள்ளி வராது. ஆனால் பதிப்பையும் அமைப்பையும் பொறுத்து, இருபுறப் புள்ளிகளையும் கோடு இணைத்து, மழையற்ற வாரத்தையே மறைத்துவிடலாம். கோட்டை எடுத்துவிட்டுப் புள்ளிகளை மட்டும் வையுங்கள். பைத்தான் மொழியின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பில், லாக் அச்சில் பூஜ்ஜியத்தைக் கையாளும் இயல்பமைப்பு ‘கிளிப்’, அதனால் கோடு படத்தின் அடிவரை செங்குத்தாக விழும். ‘மாஸ்க்’ என்று மாற்றினால் அந்த இடத்தில் கோடு அறுபடும்.

மைனஸ் வேறு கதை. அடவிநயினார் அணைக்கு வரத்து 40 கனஅடி, வெளியேற்றம் 100 கனஅடி என்று வைத்துக்கொண்டால் நிகரம் −60. முடிந்தவரை வரத்தையும் வெளியேற்றத்தையும் இரண்டு தொடர்களாகவே வரையுங்கள். இரண்டிலும் மைனஸ் இல்லை. நிகரமே வேண்டுமென்றால் மேட்பிளாட்லிப்பின் ‘சிம்லாக்’ அச்சு. அதில் ‘லின்த்ரெஷ்’ எல்லையை 10 என்று வைத்தால் −10 முதல் +10 வரை சாதாரண அளவு, அதற்கு வெளியே லாக். இயல்பு மதிப்பு 2. அதை அப்படியே விடாமல், உங்கள் அளவீட்டில் எவ்வளவு வரை நம்ப முடியாதோ அதை எல்லையாக வையுங்கள். அந்த நடுப்பகுதிக்கு வெளிர்நிறம் பூசுங்கள், இல்லையேல் அங்கே மாறும் சரிவை அணையின் மாற்றம் என்று வாசிப்பவர் எடுத்துக்கொள்வார்.

குறியைத் தனியே வைத்து, அளவுக்கு மட்டும் லாக் எடுக்கும் குறுக்குவழி வேண்டாம். +0.5-க்கு −0.301 கிடைக்கும்: வரவு செலவாகிவிடும்.