நகச்சுற்று: சொல்லும் பராமரிப்பும்

நகச்சுற்று என்பதை நகம், சுற்று எனப் பிரித்தால் நகத்தைச் சுற்றி வரும் வீக்கம் என்பது விளங்கும். நகம் வடமொழி வழி வந்த சொல். நகத்தைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லான உகிரைக் கொண்டு உகிர்ச்சுற்று என்றும் கூறுவர், அந்த உகிருக்குக் கன்னட உகுரு உறவு. குமரி எல்லை தாண்டினால் மலையாளத்தில் குழிநகம் என்பார்கள். நகத்தின் ஓரம் சதைக்குள் குத்தி வளர்வது இதற்கு ஒரு காரணமே தவிர, இரண்டும் ஒன்றல்ல.

நாஞ்சில் நாட்டு வயற்சேற்றில் நின்று திரும்பியவர், வெதுவெதுப்பான நீரில் காலை 15 நிமிடம் ஊறவைத்து, விரலிடுக்குகளை உலரத் துடைத்தபின் நகத்தை நேராக வெட்ட வேண்டும். மூலையைப் பிளேடால் தோண்டினால் (நம்மில் பலர் செய்வதுதான்) முள் போன்ற துணுக்கு உள்ளேயே தங்கிவிடும். எலுமிச்சம்பழத்தில் துளையிட்டு விரலைச் செருகுவது பழைய வழக்கமாயினும், கட்டிய சீழை அது வெளியேற்றாது. சீழ் வைத்தவரும் நீரிழிவு உள்ளவரும் மருத்துவரிடமே காட்ட வேண்டும்.